ஹெலிகாப்டரை வீழ்த்தும் ட்ரோன்

பறந்துகொண்டிருக்கும் ராணுவ ஹெலிகாப்டரை ஒரு ட்ரோன் குறிவைத்து வீழ்த்துவது என்பது சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஏட்டளவில் இருந்த யோசனை. 2024 ஆகஸ்ட் மாதம் உக்ரைன் படை ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தபோது அது போர்க்களத்துக்கு வந்து சேர்ந்தது. உக்ரைன் பாதுகாப்புச் சேவை (எஸ்.பி.யு.) வட்டாரங்கள் வெளியிட்ட காணொளியில், ரஷ்யாவின் எம்.ஐ-28 தாக்குதல் ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறக்கிறது. அதன் பின்னாலிருந்து ட்ரோன் நெருங்குகிறது. திரையில் ஹெலிகாப்டரின் வால் பெரிதாகிக்கொண்டே வருகிறது, வால் விசிறி தனியாகத் தெரிகிறது, அத்துடன் படம் அறுந்துபோகிறது. மோதும் கணத்தில் கேமராவும் அழிந்துவிடுவதால், ஹெலிகாப்டர் பிறகு என்ன ஆயிற்று என்பதை அந்தப் படத்தால் காட்ட முடியாது. ஆனால் ட்ரோனை ஓட்டியவர் வாலைத் தேடித்தான் போனார் என்பதில் ஐயமில்லை.

வாலைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. தலைக்கு மேலுள்ள பெரிய விசிறி ஒரு திசையில் சுற்றும்போது, ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் வால் விசிறியின் வேலை. அது உடைந்தால் உடல் பம்பரமாகச் சுழலத் தொடங்கும். போதிய உயரம் இருந்தால் விமானி எஞ்சினை அணைத்துவிட்டு, கீழிருந்து வரும் காற்றே பெரிய விசிறியைச் சுற்றும்படி விட்டு, ஒருவாறு தரையிறக்கிவிடலாம். மர உச்சியை ஒட்டிப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு அந்த அவகாசம் கிடையாது. ரஷ்யாவின் கே.ஏ-52 ஹெலிகாப்டருக்கு வால் விசிறியே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு பெரிய விசிறிகள் அதற்கு உண்டு. அதிலும் விசிறிகளைத் தாங்கும் அச்சு திறந்தவெளியில்தான் நிற்கிறது.

வெறும் மோதலே ஹெலிகாப்டரை வீழ்த்திவிடாது. 2017 செப்டம்பர் 21 அன்று மாலை, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு அருகே, ஏறத்தாழ 300 அடி உயரத்தில் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது டி.ஜே.ஐ. ஃபேன்டம் வகை ட்ரோன் மோதியது. அதன் எடை ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. பெரிய விசிறியின் ஓர் இதழில் ஒன்றரை அங்குலப் பள்ளம் விழுந்தது; ட்ரோனின் உடைந்த பாகம் ஒன்று ஹெலிகாப்டரிலேயே சிக்கிக் கிடந்தது. ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கியது. ட்ரோனை ஓட்டியவர் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தார். விசாரணை அதிகாரிகள் தொடர்புகொள்ளும் வரை இப்படி ஒரு மோதல் நடந்ததே அவருக்குத் தெரியாது. அந்தச் சம்பவத்தில் நோக்கமும் இல்லை, வெடிபொருளும் இல்லை. உக்ரைனில் பறக்கும் எஃப்.பி.வி. ட்ரோன்களை, ஓட்டுபவர் திரையுள்ள கண்ணாடியை அணிந்துகொண்டு ட்ரோனின் கேமரா வழியாகவே பார்த்து ஓட்டுகிறார். அவற்றில் பெரும்பாலும் ராக்கெட் லாஞ்சரின் வெடிமுனைதான் கட்டப்பட்டிருக்கும். ஒரு சாண் கனமுள்ள உருக்குக் கவசத்தைத் துளைக்கக்கூடிய அந்த வெடிமுனைக்கு, ஹெலிகாப்டரின் வால் பகுதியிலுள்ள அலுமினியத் தகடு ஒரு பொருட்டே அல்ல.

தடையாக இருப்பது வேகம். பொதுவாக எஃப்.பி.வி. ட்ரோன் மணிக்கு 100 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். மின்கலம் 10 அல்லது 20 நிமிடம் தாங்கும். எம்.ஐ-8 போக்குவரத்து ஹெலிகாப்டரோ 220 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சாதாரணமாகப் போகும். துரத்திப் பிடிக்க வழியில்லை. பல டன் எடையைத் தூக்கி நிறுத்த விசிறி கீழ்நோக்கித் தள்ளும் காற்றும் பெரிய இடைஞ்சல். அதற்குள் சிக்கும் சிறு ட்ரோன் சருகுபோல அலைக்கழியும்.

ஆகவே ட்ரோன் காத்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர் வழக்கமாக வரும் பாதையில், அது வேகத்தைக் குறைக்கும் இடத்தில், ஏவுகணை வீச மரவரிசைக்குப் பின்னால் அந்தரத்தில் நிற்கும்போது, வீரர்களை இறக்கத் தரையைத் தொடும்போது அது அகப்படும். இந்தச் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ரேடாருக்கும் ஏவுகணைக்கும் தப்பிக்கத்தான் ராணுவ ஹெலிகாப்டர்கள் தரையை ஒட்டிப் பறக்கப் பழகின. ஓடுபாதை இல்லாத இடத்தில் நிற்கவும் இறங்கவும் முடிகிறது என்பதற்காகத்தான் ஹெலிகாப்டரே தேவைப்படுகிறது. அந்தத் தாழ்ந்த உயரமும் அந்த நிற்கும் நேரமுமே எஃப்.பி.வி. ட்ரோனுக்கு வசதியாக அமைந்துவிட்டன.

விமானிக்கு முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. ஹெலிகாப்டரிலுள்ள எச்சரிக்கைக் கருவிகள் ஏவுகணையின் எரிபுகையைத் தேடுகின்றன, அல்லது எதிரி ரேடாரின் அலையைக் கேட்கின்றன. மின்மோட்டாரில் ஓடும் ட்ரோனுக்கு எரிபுகையும் இல்லை, ரேடாரும் இல்லை. வெப்பத்தை நாடி வரும் ஏவுகணையை ஏமாற்றத் தீப்பொறிகளைச் சிதறவிடுவது விமானிகளின் பழைய உத்தி. கேமரா வழியாக மனிதக் கண் பார்த்து ஓட்டும்போது அந்த உத்தி பலிக்காது. வானொலி இணைப்பை முடக்கும் கருவி ஓரளவு காக்கும். ஆனால் கட்டளைகளைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் இழுத்தபடி பறக்கும் ட்ரோன்கள் பெருகியபின், முடக்க வானொலி அலையே இல்லாமற்போயிற்று.

கடலில் கதை வேறு மாதிரி. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் உக்ரைனின் மகுரா வகைக் கடல் ட்ரோன்கள் இவனோவெத்ஸ், த்சேசர் குனிகோவ், செர்கேய் கோதவ் ஆகிய ரஷ்யக் கப்பல்களை மூழ்கடித்தன. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள, ஆளில்லாத சிறு படகுகள் இவை. இவற்றை வேட்டையாட ரஷ்யா ஹெலிகாப்டர்களை அனுப்பியது. மேலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டால், திருப்பிச் சுட வழியில்லாத படகு என்ன செய்யும்? உக்ரைன் ராணுவ உளவுத்துறை அந்தப் படகின்மேல் ஆர்-73 ஏவுகணையை ஏற்றியது. மிக்-29, சு-27 போர் விமானங்களுக்காகச் சோவியத் காலத்தில் செய்யப்பட்ட, வெப்பத்தைப் பின்தொடரும் ஏவுகணை அது. 2024 டிசம்பர் 31 அன்று கிரிமியாவின் தர்கான்குட் முனைக்கு அருகே அப்படி ஒரு படகு எம்.ஐ-8 ஹெலிகாப்டரை வீழ்த்தியதாகவும், இன்னொன்று சேதத்துடன் திரும்பியதாகவும் உளவுத்துறை அறிவித்தது. படகின் வெப்பக் கேமராவில் பதிவான படத்தையும் வெளியிட்டது. வேட்டைக்குப் போனது இரையாயிற்று. அடுத்த மே மாதம், நோவோரஸீஸ்க் அருகே சைட்விண்டர் ஏவுகணை ஏந்திய மகுரா படகுகள் சு-30 போர் விமானங்களையே வீழ்த்தியதாக அதே அமைப்பு சொன்னது.

உக்ரைனுக்கு வெளியிலும் இது பரவிவிட்டது. 2025 ஆகஸ்ட் 21 அன்று கொலம்பியாவின் அமால்ஃபி பகுதியில், கோகா செடிகளை அழிக்கும் பணியில் இருந்த காவல்துறையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் தாக்கப்பட்டு 13 காவலர்கள் இறந்தார்கள். ட்ரோன் கொண்டு தாக்கப்பட்டது என்று அதிபர் குஸ்தாவோ பெத்ரோ அறிவித்தார். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை கிடைப்பது கிளர்ச்சிக் குழுக்களுக்கு அரிது. ட்ரோனின் பாகங்கள் கடையில் கிடைக்கின்றன. கவலைக்குரிய செய்தி இதுதான்.

தரையில் நிற்கும் ஹெலிகாப்டரைத் தாக்குவது இன்னும் எளிது. 2025 ஜூனில் கிரிமியாவின் கிரோவ்ஸ்கே விமானதளத்தில் எம்.ஐ-8, எம்.ஐ-26, எம்.ஐ-28 ஹெலிகாப்டர்களைத் தொலைதூர ட்ரோன்களால் அழித்ததாக உக்ரைன் பாதுகாப்புச் சேவை அறிவித்தது.

வேகத் தடையும் கரைந்துவருகிறது. ரஷ்யா ஏவும் ஷாஹெத் ட்ரோன்களைத் துரத்தி அடிப்பதற்காக உக்ரைன் உருவாக்கிய இடைமறி ட்ரோன்களில் சில மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதாகத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்த வேகம் பெரும்பாலான ஹெலிகாப்டர்களை எட்டிப் பிடிக்கப் போதும். மறுபுறம், ஷாஹெத் ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்த உக்ரைன் விமானிகள் எம்.ஐ-8 ஹெலிகாப்டரின் கதவில் இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தி இரவுகளில் பறக்கிறார்கள். 2025 டிசம்பரில், முதுகில் ஆர்-60 வான் ஏவுகணை பொருத்திய ஷாஹெத் ஒன்றின் படத்தை உக்ரைன் தரப்பு வெளியிட்டது. வேட்டையாட நெருங்கும் ஹெலிகாப்டருக்கும் விமானத்துக்கும் வைத்த பொறி அது.

படைகள் இதற்கேற்ப மாறத் தொடங்கியுள்ளன. ஜப்பான் 2022 டிசம்பரிலேயே தன் தாக்குதல் ஹெலிகாப்டர்களைக் கைவிட்டு ஆளில்லா வானூர்திகளுக்கு மாறும் திட்டத்தை வெளியிட்டது. அமெரிக்க ராணுவம் 2024 பிப்ரவரியில் புதிய உளவு-தாக்குதல் ஹெலிகாப்டர் திட்டத்தை நிறுத்தியது. உக்ரைன் போர்க்களம் கற்றுத்தந்த பாடத்தையே அதற்குக் காரணமாகக் காட்டியது. போக்குவரத்து ஹெலிகாப்டர்களுக்கு இப்படி எளிய மாற்று இல்லை. வியட்நாம் போர்க்காலம் முதல் காயம்பட்ட வீரனை ஹெலிகாப்டர் போர்முனையிலிருந்தே தூக்கிச் சென்று ஒரு மணி நேரத்துக்குள் அறுவைக் கூடத்தில் சேர்க்க முயன்றது. உக்ரைன் போர்முனையில் ஹெலிகாப்டர் அவ்வளவு அருகில் இறங்குவது அரிது. காயம்பட்டவர்கள் இருட்டும்வரை பதுங்குகுழியிலேயே கிடக்கிறார்கள். பிறகு தோழர்களின் தோளிலும், சக்கரம் வைத்த தரை ரோபோக்களிலும், கவச வண்டிகளிலும் ஏற்றப்பட்டுப் பல கிலோமீட்டர் பின்னால் கொண்டுசெல்லப்படுகிறார்கள்.