கூடையில் விழுந்த பந்து யாருடையது?

நீண்ட கம்பத்தின் உச்சியில் ஒரு வலைக்கூடை. அதைச் சுற்றித் தரையெங்கும் உள்ளங்கையில் அடங்கும் துணிப்பந்துகள். விசில் ஊதியதும் பிள்ளைகள் பந்துகளைப் பொறுக்கிப் பொறுக்கி மேலே வீசுகிறார்கள். சிவப்பு அணிக்கு ஒரு கூடை, வெள்ளை அணிக்கு ஒரு கூடை. ஓரிரு நிமிடங்களில் ஆட்டம் முடிந்துவிடும். ஜப்பானியப் பள்ளிகளின் விளையாட்டு விழாவான 'உந்தோகாயில்' சின்னப் பிள்ளைகள் ஆடும் இந்த ஆட்டத்துக்குத் 'தமாயிரே' என்று பெயர்.

ஆட்டத்தைவிட அதற்குப் பின் வருவதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். கூடையில் விழுந்த பந்துகளை இரு தரப்பும் ஒரே நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வானத்தை நோக்கி எறிய, மைதானமே சேர்ந்து எண்ணுகிறது. எந்தப் பக்கம் பந்து முதலில் தீர்கிறதோ அந்த அணிக்குத் தோல்வி. ஆனால் உள்ளே போன பந்துகளில் எது யார் வீசியது என்று எவருக்கும் தெரியாது. வேகமாக ஓட முடியாத பிள்ளை, கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, குறி தவறிக்கொண்டே இருந்த பிள்ளை எல்லோரும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள்.

நம் பிறந்தநாள் விழாக்களில் மியூசிக்கல் சேர் இல்லாமல் இருப்பதில்லை. அதில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் ஆகச் சிறிய குழந்தை. மீதி ஆட்டம் முழுக்க அது சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். குழந்தைகளைக் கூப்பிட்டு வைத்து ஒவ்வொருவராக வெளியே அனுப்பும் ஆட்டத்தை நாம் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

ஜப்பானின் முதல் உந்தோகாய் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1874-இல் தோக்கியோவின் ட்சுகிஜியில், கடற்படைப் பள்ளியில் நடந்தது. அங்கே பாடம் நடத்திய பிரிட்டிஷ் ஆசிரியர்கள் கொண்டுவந்த வழக்கம் அது. சிவப்பு, வெள்ளை என்று அணி பிரிப்பதோ ஜப்பானின் சொந்த வழக்கம். 1180 முதல் 1185 வரை நடந்த போரில் தைரா குலத்தார் சிவப்புக் கொடியும் மினமோதோ குலத்தார் வெள்ளைக் கொடியும் பிடித்தார்கள். இன்று பிள்ளைகளின் தொப்பியில் ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் வெள்ளை. திருப்பிப் போட்டால் அணி மாறிவிடும். 1964 ஒலிம்பிக் தோக்கியோவில் அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 1966 முதல் அந்த நாள் விளையாட்டுக்கான தேசிய விடுமுறையானது. இப்போது அது அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமை. இலையுதிர் காலத்தில் வரும் அந்த விடுமுறையை ஒட்டியே பல பள்ளிகள் உந்தோகாயை நடத்திவந்தன.

இந்த விழாவில் எல்லாமே போற்றத் தக்கதல்ல. பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவராக ஏற்றிக் கட்டும் மனிதப் பிரமிடு பல காலம் பெற்றோரின் பெருமையாக இருந்தது. அதில் விழுந்து எலும்பு முறிந்த பிள்ளைகள் ஏராளம். 2016-இல் அரசின் விளையாட்டு முகமை பாதுகாப்பு குறித்து எச்சரித்த பின் பல பள்ளிகள் அதைக் கைவிட்டன. அது எப்போதோ நடந்திருக்க வேண்டியது. பார்ப்பவர் கைதட்டுவதற்காக அடிவரிசைக் குழந்தையின் முதுகு நோக வேண்டியதில்லை.

வெயில் கடுமையாகிவிட்டதால் பல பள்ளிகள் விழாவை மே மாதத்துக்கு மாற்றிவிட்டன. அரை நாளிலேயே முடித்துவிடுவதும் பெருகியிருக்கிறது. குடும்பத்தோடு பாய் விரித்துச் சாப்பிடும் மதிய உணவு அதனால் பல இடங்களில் போய்விட்டது. அது பெரிய இழப்பு.

ஆனாலும் இலையுதிர் காலத்துக்கென்றே ஒரு கைவேலை மிச்சமிருக்கிறது. பூங்காக்களில் ஓக் மரக் கொட்டைகள் உதிரும் பருவம் அது. பிள்ளைகள் பை நிறையப் பொறுக்கி வருவார்கள். பெரியவர்கள் முதலில் அவற்றைக் கொதிநீரில் போட்டுக் காயவைப்பார்கள். இல்லாவிட்டால் சில நாளில் உள்ளிருந்து வெள்ளைப் புழு துளைத்துக்கொண்டு வரும். ஒரு கொட்டையில் துளையிட்டுப் பல்குச்சியைச் செருகினால் பம்பரம். இன்னும் அழகானது 'யாஜிரோபே' என்ற தராசு பொம்மை. நடுக் கொட்டைக்குக் குட்டையாக ஒரு கால். இருபுறமும் நீண்ட மூங்கில் குச்சிக் கைகள். கை நுனிகளில் தலா ஒரு கொட்டை. விரல் நுனியில் நிறுத்தினால் ஆடும், விழாது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போலவே இதற்கும் எடை கீழே இருப்பதுதான் சூட்சுமம்.

இதைச் செய்ய ஓக் கொட்டையே வேண்டும் என்பதில்லை. மூன்று களிமண் உருண்டைகளும் ஈர்க்குச்சிகளும் போதும். கால் குட்டையாக இருக்கட்டும். கைகள் இரண்டும் காலின் நுனியைவிடத் தாழ்வாகச் சரிந்திருக்கட்டும். நிற்காவிட்டால் கைகளை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.