கரந்தை வாலிபர் செய்த எலுமிச்சம்பழம் அளவு பெட்டி! உலகப் போட்டிக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் போவது எப்படி?

தஞ்சாவூர் கரந்தையைத் தெரியாதவர் இருக்க முடியாது. தமிழ்ச் சங்கம் இருக்கும் இடம். கும்பகோணம் பஸ்சில் போகிறவர்கள் தினமும் கடந்து போகிற இடம்.

2020-ம் ஆண்டு டிசம்பரில் கரந்தையின் பெயர் திடீரென்று பத்திரிகைகளில் அடிபட்டது. காரணம், ரியாஸ்தீன் என்ற 18 வயது வாலிபர். அப்போது அவர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் 2-ம் ஆண்டு என்ஜினீயரிங் மாணவர்.

அவர் வடிவமைத்தது இரண்டு குட்டி செயற்கைக்கோள்கள். பெயர் "விஷன் சாட்". அளவு வெறும் 37 மில்லி மீட்டர். கிட்டத்தட்ட ஒரு எலுமிச்சம்பழம் அளவு!

அமெரிக்காவில் "கியூப்ஸ் இன் ஸ்பேஸ்" என்று ஒரு மாணவர் போட்டி. நாசாவின் துணையோடு ஒரு கல்வி நிறுவனம் நடத்துவது. பல நாட்டுப் பிள்ளைகள் மோதும் அந்தப் போட்டியில் கரந்தை வாலிபரின் படைப்பு தேர்வாயிற்று.

64 கிராம் கணக்கு

அந்தப் போட்டியில் விதி ரொம்பக் கறார். எந்தக் கருவியாக இருந்தாலும் 4 சென்டி மீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 64 கிராம்.

நம்ம பக்கத்துப் பையன் ஒருவர் அதற்கு முன்பே இதில் ஜெயித்திருக்கிறார். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிபாத் ஷாரூக். அவரும் நண்பர்களும் செய்த "கலாம்சாட்" 2017-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில் இருந்து ராக்கெட்டில் பறந்தது. எடை சரியாக 64 கிராம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது பூமியைச் சுற்றவில்லை. மேலே போனது, சில நிமிஷம் எடையற்ற நிலையில் இருந்தது, கீழே இறங்கிவிட்டது. பூமியைச் சுற்றியது அடுத்து வந்த கலாம்சாட். 1.26 கிலோ எடை. 2019-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைக் கொண்டுபோனது. சின்னதில் தொடங்கி 2 வருஷத்துக்குள் நிஜமான விண்வெளி! அதுதான் பெருமை.

இஸ்திரி வண்டி தந்த பரிசு

"ராக்கெட், செயற்கைக்கோள் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்க சமாச்சாரம். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

அவர்கள் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் கதையைக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். எத்தனை கரி, எத்தனை புகை! கரிக்குப் பதில் வெயிலில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 5 மணி நேரம் வெயில் பட்டால் 6 மணி நேரம் இஸ்திரி போடலாம்.

2020-ல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 14. மறு ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் உலகத் தலைவர்கள் கூடிய மாநாட்டில் பேசினார்.

அவர் தேடிப் பிடித்தது விண்வெளியை அல்ல. சொந்தத் தெருவை!

17 சதவீதம்

நம்ம தெருவில் என்ன குறை? தஞ்சை, திருவாரூர், நாகை விவசாயியிடம் கேட்டால் ஒரே பதில்தான். ஈர நெல்!

குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். நெல் ரோட்டோரம் குவிந்து கிடக்கும். தார்ப்பாய் போட்டு ராத்திரி பகலாகக் காவல் காக்க வேண்டும். நாள் கடந்தால் முளை விட்டுவிடும். வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போவது வாடிக்கையாகிவிட்டது.

இது புதிய பிரச்சினையும் அல்ல. இதற்கு வழி தேடித்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அது வளர்ந்து இன்று தஞ்சையில் "நிப்டெம்" என்ற தேசிய நிறுவனமாக நிற்கிறது. ஆடுதுறையில் 1922-ல் இருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. கேள்வியும் இங்கேயே, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்களும் இங்கேயே!

குறைந்த செலவில் நெல்லை உலர்த்த ஒரு வழி, விவசாயியே களத்தில் ஈரம் பார்க்க ஒரு கருவி. இதை ஒரு 9-ம் வகுப்புப் பிள்ளை முயன்று பார்க்கக் கூடாதா?

வழி இதுதான்

6-ம் வகுப்பு முதல் படிக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் "இன்ஸ்பயர் மானக்" திட்டம் உண்டு. யோசனையைப் பள்ளிக்கூடம்தான் அனுப்ப வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய மாணவர் கணக்கில் 10 ஆயிரம் ரூபாய் போடுவார்கள். ஆகவே பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது தலைமை ஆசிரியரை.

உலகத்தின் மிகப் பெரிய பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சி அமெரிக்காவில் நடக்கிறது. "ஐசெப்" என்பார்கள். 1950-ல் பிலடெல்பியாவில் தொடங்கியது. 1958 முதல் வெளிநாட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். 9 முதல் 12-ம் வகுப்பு வரை படிப்பவர்கள் போகலாம். நடுவர்கள் நேரில் நின்று கேள்வி கேட்பார்கள். "இதை ஏன் செய்தாய்? எத்தனை முறை சோதித்தாய்? தவறியது எங்கே?" அன்றாடம் எழுதி வைத்த நோட்டுதான் அப்போது கை கொடுக்கும்.

பணம் கேட்டால் உஷார்!

அந்தக் கண்காட்சிக்கு யாரும் நேராக விண்ணப்பம் போட்டுப் போய்விட முடியாது. அங்கீகாரம் பெற்ற உள்நாட்டுப் போட்டியில் ஜெயித்தாக வேண்டும். "நாசாவுக்கு அனுப்புகிறோம், இவ்வளவு கட்டுங்கள்" என்று யாராவது வீடு தேடி வந்தால் நகையை அடகு வைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள்.

முதலில் தேவை லட்ச ரூபாய் அல்ல. ஒரு 40 பக்க நோட்டு. இன்று நெல்லில் எவ்வளவு ஈரம், எத்தனை மணி நேரம் வெயில் என்று அப்பாவோடு களத்தில் நிற்கும் பிள்ளை எழுத ஆரம்பிக்கட்டும். பரிசு வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் அந்தக் கணக்கு களத்து நெல்லுக்கு உதவும்!