ஏரிச் சேற்றில் பாஸ்பரஸைச் சேமிக்கும் பாக்டீரியாக்கள்

நகரங்களை அடுத்துள்ள ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் பச்சை நிறங்கொண்டு நாற்றமெடுப்பதையும், ஆகாயத் தாமரை படர்ந்து நீர்ப்பரப்பை மூடுவதையும் பலரும் கண்டிருப்பர். சாக்கடை நீர் கலப்பதே இதற்குக் காரணம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், சாக்கடையைத் தடுத்து வேறு வழியில் திருப்பிய பின்னரும் சில ஏரிகள் பல ஆண்டுகள் வரை தெளிவடைவதில்லை. வெளியிலிருந்து வரும் சத்து நின்ற பிறகு பாசிக்கு உணவளிப்பது எது? ஏரியின் அடியிலுள்ள சேறும், அதில் வாழும் நுண்ணுயிர்களுமே அவ்வுணவை அளிக்கின்றன.

பாஸ்பரஸும் பாசியும்

நன்னீரில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ் ஆகும். ஏனைய சத்துக்கள் போதிய அளவில் இருக்குமாயின், ஒரு கிராம் பாஸ்பரஸைக் கொண்டு உலர்ந்த எடையில் ஏறத்தாழ 100 கிராம் பாசி வளரக்கூடும். ஆண்டுச் சராசரியாக ஒரு லிட்டர் நீரில் மொத்த பாஸ்பரஸ் 35 மைக்ரோகிராமுக்கு மேற்படின், அந்நீர்நிலை சத்து மிகுந்ததெனக் கொள்ளலாம் என்பது 1982-ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு அளவில் வழங்கி வரும் அளவுகோல்.

நைட்ரஜன் வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிடக்கூடும். பாஸ்பரஸுக்கு அத்தகைய வழி இல்லையெனலாம். மலம், சலவைத் தூள், வயல் உரம் ஆகியவற்றின் வாயிலாக ஏரிக்குள் வரும் பாஸ்பரஸ், மதகு வழியே வெளியேற வேண்டும். இன்றேல் சேற்றில் படிய வேண்டும்.

சேறு பாஸ்பரஸை விடுவிக்கும் விதம்

சேற்றிலுள்ள இரும்பு, பிராணவாயு இருக்கும் வரை பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டிருக்கும். பிராணவாயு தீர்ந்தவுடன் இரும்பு கரையும் நிலைக்கு மாறுகிறது; அதனுடன் பிணைந்திருந்த பாஸ்பேட்டும் நீரில் கலக்கிறது. இதனை இங்கிலாந்தின் ஏரிகளில் ஆராய்ந்து மார்ட்டிமர் என்பார் 1941, 1942-ஆம் ஆண்டுகளில் விளக்கினார். நெடுங்காலம் வரை இவ்விளக்கமே போதுமானதெனக் கருதப்பட்டது.

ஆனால் சேறு உயிரற்ற மண் அன்று. 1988-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த கேக்டர் முதலியோர், பிராணவாயு மாறுதலுக்கு ஏற்ப பாஸ்பேட்டை உட்கொள்வதிலும் வெளிவிடுவதிலும் சேற்றுப் பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு என எடுத்துக்காட்டினர்.

பெங்களூரில் கண்ட உண்மை

பாக்டீரியாக்களின் இவ்வியல்பு கழிவு நீர் ஆராய்ச்சியில் முன்னரே வெளிப்பட்டிருந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவரும், காற்றூட்டிய கழிவுநீர்ச் சேறு பாஸ்பேட்டை விரைவாக உறிஞ்சுவதைக் கண்டு 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்துறையின் முன்னோடிக் கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. பிற்காலத்தில் பல நாடுகளில் அமைந்த, ரசாயனங்களின்றிப் பாஸ்பரஸை நீக்கும் நிலையங்கள் இதே இயல்பைப் பயன்படுத்துகின்றன. அங்குச் சிறப்பாகப் பணிபுரியும் இனத்திற்கு 1999-இல் அக்யூமுலிபாக்டர் என்னும் பெயர் இடப்பட்டது. அவ்வினம் ஆற்று முகத்துவாரங்களின் சேற்றிலும் நன்னீர்ச் சேற்றிலும் காணப்பட்டுள்ளது.

சேமிப்பும் செலவும்

சாதாரண பாக்டீரியாவின் உலர்ந்த எடையில் பாஸ்பரஸ் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே இருக்கும். சேமிக்கும் இனங்கள் இதனைப் போல் பன்மடங்கு கொள்ளும். பிராணவாயு கிடைக்கும்போது அவை பாஸ்பேட்டை உட்கொண்டு, ஒன்றோடொன்று இணைத்து நீண்ட சங்கிலிகளாக்கித் துகள்களாக வைத்துக்கொள்கின்றன. இச்சங்கிலி சக்தியின் சேமிப்பும் ஆகும். பிராணவாயு இல்லாத நிலையில் பாக்டீரியா இதனை உடைத்துச் சக்தி பெறுகிறது. அச்சக்தியைக் கொண்டு, அழுகும் பொருள்களிலிருந்து உண்டாகும் அசெட்டிக் அமிலம் போன்றவற்றை உள்ளிழுத்து, வேறொரு உணவுப் பொருளாகச் சேர்த்துக்கொள்கிறது. உடைந்த பாஸ்பேட் வெளியே விடப்படுகிறது. மீண்டும் பிராணவாயு வருமாயின், சேர்த்த உணவை எரித்து, பாஸ்பேட்டைத் திரும்பவும் உட்கொள்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்தில் பாஸ்பரஸ் நிறைந்த சேற்றை உரிய நேரத்தில் வெளியேற்றிவிடுகிறார்கள். ஏரியில் அவ்வாறு செய்வார் இல்லை. எனவே நிலையத்தில் நன்மை பயக்கும் இதே வினை, ஏரியில் பாசிக்கு உணவு வழங்கும் வினையாகிவிடுகிறது. இரும்பின் பங்கு எவ்வளவு, பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு என்பது ஏரிக்கு ஏரி வேறுபடும்.

பெங்களூரின் பெள்ளந்தூர் ஏரி பல்லாண்டுகள் நகரக் கழிவு நீரை ஏற்றது. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் நுரை தீப்பற்றியது நாடெங்கும் பேசப்பட்டது. அதன் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையாற்றை அடைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்திற்கு வருகிறது. இத்தகைய தொடரில் மேலே உள்ள ஏரியின் சேறு விடுவிக்கும் பாஸ்பரஸ் கீழேயுள்ள தேக்கத்திற்கும் சுமையாகும்.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

நண்பகலில் மேற்பரப்பு நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் தவறான முடிவு ஏற்படலாம். அவ்வேளையில் பாசி வெளிவிடும் பிராணவாயு மிகுந்திருக்கும். கரைந்த பாஸ்பேட்டின் பெரும்பகுதி பாசிக்குள் சென்றிருக்கும். ஆதலின் மேற்பரப்பு நீரையும், அடிச்சேற்றுக்குச் சற்று மேலுள்ள நீரையும் தனித்தனியே எடுக்க வேண்டும். விடியற்காலையிலும் ஒரு முறை எடுப்பது நலம். பிராணவாயுவின் அளவையும், கரைந்த பாஸ்பேட், மொத்த பாஸ்பரஸ் ஆகிய இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். கரைந்த பாஸ்பேட்டுக்கான நீரைத் தாமதமின்றி வடிகட்டுதல் அவசியம். தூர் வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் மழை அதனை மீண்டும் ஏரிக்குள் சேர்க்கும். அதனை வயலுக்கு இடுமுன் ஈயம், காட்மியம் முதலிய உலோகங்கள் உளவா எனச் சோதிக்க வேண்டும்.

பள்ளியில் ஒரு சோதனை

இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் சம அளவு ஏரிச் சேறும் ஏரி நீரும் எடுத்துக்கொள்க. மீன் தொட்டியில் பயன்படும் சிறு பம்பினால், சேறு கலங்காதவாறு ஒன்றிற்குக் காற்றூட்டுக. மற்றொன்றை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுக. இரண்டையும் இருட்டில் பத்து நாள் வைத்து, மேல் நீரை எடுத்து உடனே வடிகட்டுக. அமிலங் கலந்த அம்மோனியம் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் பாஸ்பேட்டின் அளவிற்கேற்ப நீலம் தோன்றும். பொதுவாக மூடிய பாட்டிலின் நீரில் நீலம் மிகுந்திருக்கும். அமிலத்தை ஆசிரியரே கையாளுதல் வேண்டும். இரும்பின் வினையையும் பாக்டீரியாவின் வினையையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது என்பதையும் மாணவர்க்குக் கூறுதல் தகும்.

சாக்கடையைத் தடுப்பதே ஏரியைக் காக்கும் முதற்பணி. ஆனால் அப்பணி முடிந்த மறு ஆண்டே நீர் தெளியவில்லையெனின், அம்முயற்சி வீணெனக் கைவிடலாகாது. பல்லாண்டுகளாகச் சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ் தீரக் காலம் பிடிக்கும். அதனை அளந்தறிந்து, தூர் வாருவதா, காற்றூட்டுவதா, காத்திருப்பதா எனத் தீர்மானிப்பதற்கு அடிச்சேற்றைப் பற்றிய அறிவு இன்றியமையாதது.