வானத்திலிருந்து பூனையும் நாயும் விழுமா?



சென்ற மழைக்காலத்தில் நான்காம் வகுப்புச் சிறுமிகளுக்கு ஆங்கிலக் கதை வாசித்துக் காட்ட எங்களை அனுப்பினார்கள். கதையில் "இட் இஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்று ஒரு வரி வந்தது. அதைப் படமாக வரையச் சொன்னோம். ஒரு சிறுமி, குடையின்மேல் பூனையும் நாயும் விழுவதாக வரைந்து காட்டினாள். நாங்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அதன்பின் இரண்டு நாள் அவள் எங்களிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. தவறு அவளுடையதன்று, பொருளைச் சொல்லாமல் சிரித்த எங்களுடையது. அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

அவ்வரிக்கு "மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது" என்பதே பொருள். 1738-இல் ஜோனதன் ஸ்விப்ட் வெளியிட்ட நூலிலேயே இத்தொடர் வருகிறது. இப்படி, சொற்களின் நேர்ப்பொருளை விட்டு வேறு பொருள் தருவதை மரபுத்தொடர் என்கிறோம். தமிழிலும் இவை ஏராளம். "என் காதில் பூச்சுற்றாதே" என்று ஓர் ஆங்கிலச் சிறுமியிடம் சொன்னால், அவளும் காதையும் பூவையும்தானே வரைவாள்?

பழமொழி இதற்குச் சற்று வேறானது. அது முழு வாக்கியமாக நின்று அறிவுரை சொல்லும். "மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்" என்பதன் நேர்ப்பொருள், "வெயில் உள்ளபோதே புல்லை உலர்த்திக்கொள்" என்பது. 1546-இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கிறது. இங்கிலாந்தில் கோடையிலும் மழை வரும். குளிர்காலத் தீவனத்துக்காக அறுத்த புல் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துப் பாழாகும். ஆகவே அந்நாட்டு உழவர் வெயிலைப் பார்த்திருந்தார். நம் உழவருக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. நெல்லிலிருந்து பதரைப் பிரிக்கக் காற்றுத்தான் வேண்டும். ஆகவே நாம், "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்கிறோம். அறிவுரை ஒன்றே, களந்தான் வேறு.

இன்னொன்று, "நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது". இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள அந்நகரிலிருந்துதான் முன்னாளில் லண்டனுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி சென்றது. அங்கேயே நிலக்கரி விற்கப் போனால் யார் வாங்குவார்? நம் பாட்டியைக் கேட்டால், "கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை" என்பார்!

ஆகவே தங்கைகளே, புதிய தொடரைக் கண்டால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படியுங்கள். யார், எப்போது, எதற்காகச் சொல்கிறார் என்று பாருங்கள். பிறகு, "இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்?" என்று எண்ணிப் பாருங்கள். அப்படியும் விளங்காவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாம் நாள் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே, "அக்கா, தலையில் மிளகாய் அரைப்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வார்கள்?" என்று கேட்டாள். இம்முறை விழித்தது நாங்கள்தான்!

– பத்தாம் வகுப்பு மாணவியர்