யார் எழுதினது, காக்கா?

அஸர் தொழுதுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக் காக்கா, பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கைபேசியை என் பக்கம் நீட்டினார். "தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. கோவை இலய ஒரு மாசம் திண்டா சீனி வருத்தம் போயிடுமாம். குளிசையும் தேவயில்லயாம்."

"யார் எழுதினது, காக்கா?"

"மருமகன் அனுப்பினவர்."

நான் எழுதியவரைக் கேட்டேன். அவர் அனுப்பியவரைச் சொன்னார். கல்முனையில் மட்டுமா இப்படி? மருத்துவச் செய்தியை மனிதர்கள் எங்கும் இவ்வாறே படிக்கிறார்கள்.

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஐசன்பாக், கோலர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இணையத்தில் எதை நம்புவீர்கள் என்று முதலில் 21 பேரிடம் பேசிப் பார்த்தார்கள். யார் வெளியிட்டது என்று பார்ப்போம் என்ற பதிலும் வந்தது. அடுத்து 17 பேரைக் கணினி முன் உட்காரவைத்து, மருத்துவக் கேள்விகளுக்கு விடை தேடச் சொல்லி, அவர்கள் செய்வதையெல்லாம் கவனித்தார்கள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 6 நிமிடத்துக்குள் விடை கிடைத்தது. ஆனால் தளத்தை நடத்துவது யார் என்று சொல்லும் பக்கத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை. விடையை எங்கே படித்தோம் என்பதும் மிகச் சிலருக்கே பிறகு நினைவிருந்தது. 2002 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஆய்வு இது.

பார்ப்போம் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, காக்கா. பார்த்துத்தான் படிக்கிறோம் என்று மனதார நம்பியிருப்பார்கள். வாய் சொல்வது ஒன்று, விரல் செய்வது இன்னொன்று. செய்தி மனதில் தங்கிவிடும். அது வந்த வழி மறந்துபோகும்.

இதன் விலை என்ன என்பது நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. மலடாக்கும் குளிசை என்று கூச்சல் போட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்றவர்களுக்குப் பயந்து ஆமென்று தலையாட்டினார். அந்தக் காட்சி பேஸ்புக்கில் பரவியது. கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அப்படி ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கறியில் கிடந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அதற்குள் கண்டி மாவட்டத்துத் திகனயும் கலவரத்தில் எரிந்துவிட்டது. மார்ச் 7 ஆம் திகதி அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 இல்.

அப்படியொரு குளிசை உண்டா என்று ஒரு டொக்டரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். ஏற்கெனவே மனதில் இருந்த பயத்துக்கு அந்தக் காட்சி பொருந்தியது. அதனால் கேட்கத் தோன்றவில்லை. வருத்தக்காரரின் ஆசைக்கும் இதே பலம் உண்டு. குளிசை போட்டுச் சலித்தவருக்கு, குளிசை வேண்டாம் என்ற வார்த்தை எவ்வளவு இனிக்கும்!

கோவை இலையில் பாதி உண்மை இருக்கிறது. இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் தன்மை அதற்கு உண்டு என்று இலங்கையில் நடந்த ஆய்வும் காட்டியிருக்கிறது. சுண்டிச் சாப்பிடுங்கள், நல்லது. குளிசையை விடலாம் என்பது யாரோ ஒட்டவைத்த மற்றப் பாதி. குளிசையை விட்டால் சீனி சத்தமில்லாமல் ஏறும். கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் தின்னும்.

ஆகவே மூன்று கேள்விகள் போதும். யார் எழுதியது? அவருக்கு இதில் விற்க ஏதும் உண்டா? வேறு யார் இதையே சொல்கிறார்கள்? மூன்றாவதற்கு அந்தச் செய்தியை மூடிவிட்டு வெளியே தேட வேண்டும். அதற்குள்ளேயே எத்தனை தரம் படித்தாலும் விடை கிடைக்காது.

காக்கா கிளாஸை வைத்தார். "அப்ப குளிசைய விடக் கூடாது?"

விடக் கூடாது. அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு கைபேசியையும் கொண்டு போங்கள். வெட்கப்படாமல் இந்தச் செய்தியை டொக்டரிடம் காட்டுங்கள். அவர் பதில் சொல்லும்வரை, நீங்களும் இதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.