கம்பி கழற்றும் நாளில் தெரியும் வெள்ளைத் திட்டுகள்

கோணல் பல்லை இழுத்துக் கட்டும் வைத்தியம் பிரான்சில் பழையது. 1728-இல் பாரிஸில் வெளியான பியேர் ஃபோஷாரின் பல் மருத்துவ நூல், பற்களை உலோகப் பட்டையோடு நூலால் கட்டி நேராக்கும் முறையை விவரித்தது. பல் சொத்தைக்குப் புழு காரணமில்லை, சர்க்கரை பல்லைக் கெடுக்கும் என்றும் அவர் அதில் எழுதினார். பிள்ளைக்குக் கம்பி போடும் பெற்றோர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்தச் சர்க்கரை எச்சரிக்கையைத்தான்.

இப்போது கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பல்லின் மேலேயே ஒட்டுகிறார்கள். அவற்றின் ஓரங்களில் சோற்றுத் துணுக்கு தங்கி, பிசுபிசுப்பான படலம் படியும். அதிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்க, எனாமலின் சுண்ணாம்புச் சத்து கரைகிறது. சரியாகத் துலக்காவிட்டால் ஒரே மாதத்தில்கூட வெள்ளைத் திட்டு விழலாம். படலம் மூடியிருப்பதால் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துக் கம்பியைக் கழற்றினால் பல் அழகாக வரிசையில் நிற்கும், பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தழும்போடு. அந்தத் தழும்பு பெரும்பாலும் முழுதாக மறைவதில்லை. அவ்வளவு செலவு செய்து, அவ்வளவு வலி பொறுத்த பிள்ளைக்கு இது நேரக்கூடாது.

ஈறும் வீங்கும், சிலருக்குப் பிராக்கெட்டையே தொடுமளவு வளரும். ரத்தம் கசிகிறதே என்று பயந்து பிள்ளைகள் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவார்கள். அழுக்கு சேர்ந்ததால்தான் அங்கே ரத்தம் வருகிறது. அந்த இடத்தைத்தான் மென்மையாக, நிதானமாகத் துலக்க வேண்டும்.

பிராக்கெட்டுக்கு மேலே ஈறை ஒட்டிச் சாய்த்து ஒருமுறை, கீழ்ப்பக்கமிருந்து ஒருமுறை துலக்கட்டும். கம்பிக்கு அடியில் நுழைய, மருந்துக் கடையில் கிடைக்கும் குட்டியான பல்லிடுக்கு பிரஷ் வேண்டும். பேஸ்டில் ஃப்ளோரைடு குறைந்தது 1,000 பிபிஎம் இருக்கட்டும். நுரையைத் துப்பியபின் தண்ணீரால் கொப்பளித்து ஃப்ளோரைடைக் கழுவிவிடாதீர்கள். பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துலக்க முடியாவிட்டால், நன்றாக வாய் கொப்பளித்தாவது வரட்டும்.

கமர்கட்டும் கடலை மிட்டாயும் வேண்டவே வேண்டாம். முறுக்கு, பொங்கல் கரும்பு, நம் புதுச்சேரி பிரெஞ்சு ரொட்டியின் கெட்டி மேலோடு இவற்றைக் கடித்து இழுத்தால் பிராக்கெட் பெயர்ந்துவிடும்.

புதுச்சேரி கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்பு பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே காட்டினாலும் தனியாரிடம் காட்டினாலும், கம்பி முறுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஈறையும் திட்டுகளையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரவு துலக்கி முடித்ததும் பிள்ளையின் வாயை வெளிச்சத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள்.