விட்டு விட்டுத் திணறும் எஞ்சினும் ‘மாறி’ பாடமும்



தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கூட, கேள்வி கொஞ்சம் மாறினால் தடுமாறுகிறார். அவருக்குப் பட்டறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு.

பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் மலைச்சாலை வழியாகப் பாலிக் புலாவுக்கு ஒரு பெட்ரோல் பிக்அப் சுமையோடு ஏறுகிறது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் குலுங்குது, இழுக்கவே மாட்டேங்குது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுது!

ஏன் அப்படி?

நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை தீப்பொறி விழ வேண்டும். மின்மாற்றி போல 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துவது காயில். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பொறி பாய மேலும் அதிக மின்னழுத்தம் தேவை. காயிலில் விரிசல் இருந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். சமதரையில் இந்தக் குறை தெரியாமலே போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

“பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாத்தையும் மாத்திடலாம்” என்பார்கள். பணம் போகும், காரணம் மட்டும் தெரியாது.

ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் 2ஆம் சிலிண்டரில் கோளாறு. எஞ்சினை ஆறவிட்டு, 2ஆம் சிலிண்டரின் காயிலையும் 3ஆம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். பழைய குறியை அழித்துவிட்டு, அதே சுமையோடு அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். குறி பி0303 ஆனால் காயில்தான் காரணம். மீண்டும் பி0302 வந்தால் பிளக், இன்ஜெக்டர், மின்கம்பி என ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

தற்சார்பு மாறி: காயில் இருக்கும் இடம்
சார்பு மாறி: திணறும் சிலிண்டரின் எண்
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: பிளக், இன்ஜெக்டர், சுமை, சாலை

ஓர் எச்சரிக்கை: எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் சோதனை வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

சிந்தனை வினா: காயிலோடு பிளக்கையும் சேர்த்து இடம் மாற்றியபின் குறி பி0303 ஆகிறது. ‘காயில்தான் பழுது’ என்று முடிவு செய்யலாமா? காரணம் கூறுக.

‘முடியாது’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மாறி கட்டுப்படுத்தப்படவில்லை என்பதையும் எழுத வேண்டும்.